சால்மன், டிரவுட் பண்ணைகளும் நம் ஆற்று நீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், டொங்காட், லெனேசியா பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. மீன் வாங்குகிறவர்கள், மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள், வீட்டுக்குப் பின்னால் தொட்டி கட்டி மீன் வளர்க்க நினைப்பவர்கள், ஆற்றங்கரையில் பூசை செய்கிறவர்கள் எல்லோருக்கும் இதில் ஏதாவது இருக்கும்.

டர்பன் மீன் கடையில் காலங்காலமாக "சால்மன்" வாங்கிக் குழம்பு வைக்கிறோம். அதுவும் பண்ணை மீன்தானா?

இல்லை. டர்பனில் "சால்மன்", "டகா சால்மன்" என்று கேட்டு வாங்குவது கோப் என்ற மீன். கேப் டவுன் பக்கம் "கேப் சால்மன்" என்பது கீல்பெக். இரண்டும் இந்தக் கரையோரத்துக் கடல் மீன்கள். உண்மையான சால்மனுக்கு உறவே இல்லை. இளஞ்சிவப்புச் சதையோடு பனிக்கட்டிப் பெட்டியில் பளபளக்கும் அட்லாண்டிக் சால்மன் வெளிநாட்டிலிருந்து வருவது. அநேகமாக நார்வே நாட்டுப் பண்ணையில் வளர்ந்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டின் பிரச்சினைகளும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். டகா சால்மனுக்கு வந்த ஆபத்து மிதமிஞ்சிப் பிடித்தது. கழிமுகத்தில் வளரும் குஞ்சையே பிடித்துவிடுவதால் அதன் இருப்பு மிகவும் சரிந்துவிட்டது. அட்லாண்டிக் சால்மனுக்கு வந்த ஆபத்தில் ஒரு பங்கு வளர்ப்பினாலேயே வந்தது.

சால்மன் பண்ணைகள் கடலில்தானே மிதக்கின்றன? நன்னீருக்கு அதில் என்ன சம்பந்தம்?

சால்மன் பிறப்பது ஆற்றில். குளிர்ந்த ஓடையின் கூழாங்கற்களுக்கு நடுவே பெண் மீன் குழி பறித்து முட்டையிடும். குஞ்சு ஓராண்டு முதல் மூன்று நான்கு ஆண்டு வரை ஆற்றிலேயே வளர்ந்து, உடல் உப்புநீருக்குப் பழகிய பிறகுதான் கடலுக்கு இறங்கும். பண்ணையிலும் இதே ஒழுங்குதான். முட்டை பொரிப்பதும், குஞ்சை 100 கிராம் அளவுக்கு வளர்ப்பதும் நன்னீரில். ஸ்காட்லாந்தில் ஏரிகளிலும், சிலி நாட்டில் ஜாங்கீவே போன்ற ஏரிகளிலும் கூண்டு கட்டிக் குஞ்சு வளர்த்தார்கள். கடல்நீர் அலையோடு போய்விடும். ஏரிநீர் அங்கேயே நிற்கும். விழுந்த எச்சமும் அடியிலேயே தங்கும்.

கடலில் நடப்பதும் ஆற்றுக்குத் திரும்பி வருகிறது. கூண்டிலிருந்து தப்பிய பண்ணைச் சால்மன் ஆற்றில் ஏறிக் காட்டுச் சால்மனோடு இணைசேர்கிறது. நார்வேயில் மரபணு ஆராய்ந்த ஆறுகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கில் இந்தக் கலப்புத் தடயம் இருக்கிறது. கலப்புக் குஞ்சு வேகமாகக் கொழுக்கும். ஆற்றில் பிழைக்கும் சாமர்த்தியம் குறைவு. கூண்டுகளில் பெருகும் கடல் பேன், கடலுக்கு இறங்கும் சின்னஞ்சிறு காட்டுக் குஞ்சுகளைப் பிடித்துக்கொள்ளும். கை நீளமில்லாத குஞ்சுக்குப் பத்துப் பேன் ஒட்டினாலே தோல் புண்ணாகிச் செத்துப்போகும். 2023 டிசம்பரில் அட்லாண்டிக் சால்மன் "கவலைக்கு இடமில்லை" என்ற வகையிலிருந்து "அச்சுறுத்தலை நெருங்கும் இனம்" என்ற வகைக்கு உலகச் சிவப்புப் பட்டியலில் மாற்றப்பட்டது. பருவநிலை, அணைகள், மாசு எல்லாம் அதற்குக் காரணம்; பண்ணையும் ஒன்று.

நம் நாட்டில் சால்மன் பண்ணை இல்லையே. நமக்கு என்ன கவலை?

சால்மனின் நெருங்கிய சொந்தமான டிரவுட் இருக்கிறது. நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்துவிட்ட அதே மீன்தான். நேட்டாலின் ஆறுகளில் பழுப்பு டிரவுட் 1890இல் விடப்பட்டது. வானவில் டிரவுட் பிறகு வந்தது. பண்ணையில் வளர்ப்பது பெரும்பாலும் வானவில் டிரவுட்தான். குவாசூலு-நேட்டாலின் மிட்லண்ட்ஸ், ம்புமலாங்காவின் டல்ஸ்ட்ரூம், லைடன்பர்க் வட்டாரம், மேற்குக் கேப் மலைகள் ஆகியவை அதற்கு ஏற்ற குளிர் நிலம்.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். உம்கேனி ஆறு மிட்லண்ட்ஸ் சதுப்பில் பிறந்து மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகிள், இனாண்டா என்று நான்கு அணைகளில் தங்கி டர்பனுக்கு வருகிறது. போதாக்குறைக்கு மோய் ஆற்றுத் தண்ணீரும் மிட்மாருக்குத் திருப்பப்படுகிறது. டிரவுட்டுக்கு ஏற்ற ஓடைகள் இந்த அணைகளுக்கு மேலே இருக்கின்றன. சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் குழாயைத் திறந்தால் வருவது இந்த மலைத் தண்ணீர். லெனேசியாக்காரர்களுக்கும் இதே கதை. லெசோத்தோவின் 185 மீட்டர் உயரக் கட்சே அணையில் டிரவுட் கூண்டுகள் மிதக்கின்றன. அந்த அணையின் தண்ணீர் சுரங்கம் வழியே வந்து வால் ஆற்றில் சேர்ந்து ஜொஹானஸ்பர்க் போகிறது.

ஒரு பண்ணையிலிருந்து எவ்வளவு கழிவு வரும்? கணக்குப் போட முடியுமா?

முடியும். பண்ணைக்காரர் ஆண்டுக்கு எத்தனை மூட்டை தீவனம் வாங்குகிறார் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

ஒரு டன் டிரவுட் வளர்க்கச் சுமார் 1,200 கிலோ தீவனம் வேண்டும். நல்ல தீவனத்தில் பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ் சுமார் 1.1 சதவீதம். அப்படியானால் 13 கிலோ பாஸ்பரஸ் தண்ணீருக்குள் போகிறது. மீன் தன் எலும்பிலும் சதையிலும் 4 கிலோ வைத்துக்கொள்ளும். மீதி 9 கிலோ வெளியே. நைட்ரஜனில் 80 கிலோ உள்ளே போனால் 50 கிலோ வெளியே வரும். அதில் பெரும்பகுதி செவுள் வழியாக அம்மோனியாவாகக் கரைந்துவிடும். இவற்றோடு உலர்ந்த எடையில் 200 முதல் 300 கிலோ எச்சம்.

தீவனத்தைக் கை போன போக்கில் வீசினால் 1,200 கிலோ 1,500 கிலோவாகும். மீன் அதே ஒரு டன்தான். கூடுதல் 300 கிலோவில் இருக்கும் பாஸ்பரஸ் 3.3 கிலோவும் ஓடைக்குப் போகும். தீவனத்தைத் தூவும்போது மீன் மேலே பாய்ந்து எடுக்கும் வேகம் தளர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் ஒரு கை" போடுவதுதான் கெடுதல். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் டிரவுட்டுக்குப் பசி போய்விடும். அன்று போட்ட தீவனம் அடியில் அழுகும்.

ஓடுகிற தண்ணீர்தானே, கலந்து கரைந்து போய்விடாதா?

இந்தக் கேள்விக்குப் பதில் மாதத்தைப் பொறுத்தது.

ஆண்டுக்கு 10 டன் மீன் எடுக்கும் சிறு பண்ணையை எடுத்துக்கொள்வோம். அது விடும் பாஸ்பரஸ் ஆண்டுக்கு 90 கிலோ, நாளைக்கு 250 கிராம். பிப்ரவரியில் நல்ல மழை. ஓடையில் நொடிக்கு 500 லிட்டர் ஓடுகிறது என்றால், அந்த 250 கிராம் 43,200 கனமீட்டர் தண்ணீரில் கலந்து லிட்டருக்கு 6 மைக்ரோகிராம் ஆகும். கவலையில்லை. செப்டம்பரில் அதே ஓடை நொடிக்கு 60 லிட்டராக மெலிந்து கிடக்கும். இப்போது லிட்டருக்கு 48 மைக்ரோகிராம். தென்னாப்பிரிக்க நீர்த்தர வழிகாட்டி கரைந்த கனிமப் பாஸ்பரஸ் 25 மைக்ரோகிராமைத் தாண்டிய நீரை ஊட்டம் மிகுந்த நீர் என்கிறது. அதாவது பாசி படரும் நீர். நம் 48இல் பாதிக்கு மேல் எச்சத்துக்குள் இருப்பதால் எல்லாம் உடனே கரையாது. ஆனால் எச்சம் அடியில் கிடந்து மெல்ல மெல்லக் கசியவிடும்.

நம் மாகாணத்தின் சங்கடமே இங்கேதான். மழை கோடையில் பெய்கிறது. ஆகஸ்ட் கடைசியில் தண்ணீர் சூடேறத் தொடங்குகிறது, மீன் பசியெடுத்துத் தின்கிறது, மழையோ அக்டோபர் வரை வருவதில்லை. தீவனம் உச்சத்திலும் நீர் அடிமட்டத்திலும் இருப்பது அதே வாரங்களில். ஆண்டுச் சராசரி நீரோட்டத்தை வைத்து "எங்கள் பண்ணையால் பாதிப்பு இல்லை" என்று காட்டும் எந்த அறிக்கையையும் நாங்கள் ஏற்கமாட்டோம். மெலிந்த மாதத்தின் கணக்கைக் கேளுங்கள்.

நீரோட்டத்தை நீங்களே அளக்கலாம். நேராக ஓடும் 10 மீட்டர் நீளத்தைக் குறித்து, ஓர் ஆரஞ்சுப் பழத்தைப் போட்டு நேரம் பாருங்கள். ஐந்து தடவை செய்து சராசரி எடுங்கள். சராசரி ஆழம், அகலம், வேகம் மூன்றையும் பெருக்கி 0.85ஆல் பெருக்குங்கள், மேல்நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும் என்பதற்காக அந்தக் குறைப்பு. உதாரணமாக 2 மீட்டர் அகலம், 0.2 மீட்டர் ஆழம், நொடிக்கு 0.25 மீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 85 லிட்டர்.

வண்டல் குட்டை வெட்டினால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

பாதி தீரும். ஒழுங்காக வெட்டினால்.

புதிதாக விழுந்த எச்சம் நூல் போல முழுசாக இருக்கும். நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் அடியில் இறங்கிவிடும். மீன் வாலால் அடித்தோ, பம்பு வழியாகப் போயோ உடைந்துவிட்டால் அது மாவாகிவிடும், பிறகு படியாது. ஆகவே மீன் நிற்கும் கால்வாயின் கடைசியில் கம்பித் தடுப்பு வைத்து, அதற்குப் பின்னால் மீன் நுழையாத அமைதியான பகுதி ஒன்று விட வேண்டும். எச்சம் உடையாமல் அங்கே படியும். படிந்ததை வாரம் இரண்டு முறையாவது குழாயால் உறிஞ்சித் தனிக் குட்டைக்கு அனுப்ப வேண்டும்.

அந்தத் தனிக் குட்டையின் பரப்பளவு முக்கியம்; ஆழம் அல்ல. ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 40 கனமீட்டருக்கு மேல் நீர் போகக்கூடாது. கழுவும்போது நொடிக்கு 5 லிட்டர் வருகிறதென்றால் நாளைக்கு 432 கனமீட்டர் என்ற வேகம். 11 சதுர மீட்டர் குறைந்தபட்சம். இரட்டிப்பாக வெட்டுங்கள், ஒன்றைக் காயவிடும்போது மற்றொன்று வேலை செய்யும். நீர் உள்ளே விழும் இடத்தில் ஒரு தடுப்புப் பலகை வையுங்கள். இல்லாவிட்டால் நீர் குட்டையின் ஒரு ஓரமாகவே விறுவிறுவென்று ஓடிப்போகும். மீதிப் பரப்பு சும்மா கிடக்கும்.

பெரும்பாலும் கெட்டுப்போவது ஒரே காரணத்தால்: குட்டையை வெட்டியவர் வாருவதில்லை. இரண்டு மாதம் கிடந்த வண்டல் கருத்து, அழுகிய முட்டை நாற்றம் எடுத்து, குமிழி விடும். குமிழி மேலே வரும்போது வண்டலையும் கிளப்பும். பிடித்து வைத்த பாஸ்பரஸ் திரும்பக் கரையும். முதல் இடிமழையில் மொத்தமும் அணைக்குப் போகும். செப்டம்பர் முடிவதற்குள் வாரிக் காயவைத்து, கரையிலிருந்து தள்ளி இருக்கும் சோளக் கொல்லைக்கோ புல்வெளிக்கோ உரமாகப் போட்டுவிட வேண்டும்.

கரைந்த அம்மோனியாவை எந்தக் குட்டையும் பிடிக்காது. அதற்கு நாணலும் புல்லும் வளர்ந்த ஈரநிலம் வேண்டும், அல்லது மீன் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

தப்பிப்போகும் மீனால் அப்படி என்ன நேர்ந்துவிடும்?

டிராக்கன்ஸ்பர்க்கில் சானி கணவாய் அருகே உம்கோமசானா என்ற ஆறு இருக்கிறது. மலோட்டி மின்னோ என்ற விரல்நீள மீன் 1938இல் அந்த ஆற்றிலிருந்துதான் அறிவியலுக்கு அறிமுகமானது. பிறகு அங்கே அது கிடைக்கவேயில்லை. இனமே அழிந்தது என்று எண்ணியிருந்தபோது 1970இல் லெசோத்தோவின் ட்சோஎலிகானா ஆற்றில் கண்டெடுத்தார்கள். நேட்டால் பக்கத்தில் அது மறைந்ததற்கு ஆய்வாளர்கள் முதலில் சுட்டுவது அங்கே விடப்பட்ட டிரவுட்டை. வேட்டையாடும் பெரிய மீனையே பார்த்திராத ஓடையில் வளர்ந்த சின்ன மீனுக்கு ஒளியத் தெரியாது.

வந்தேறி மீனை எடுத்துவிட்டால் ஆறு மீளும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. செடர்பர்க் மலையின் ரொண்டேகாட் ஆற்றில் 2012, 2013இல் ரோட்டனோன் என்ற மீன்கொல்லி நஞ்சு போட்டு அமெரிக்க பாஸ் மீனை அகற்றினார்கள். அதன் பிறகு செந்துடுப்பு மீன்கள் மேலிருந்து இறங்கி அந்தப் பகுதியை நிரப்பின. ஆனால் அது சிறு ஆறு, கீழே தடுப்பணை இருந்தது. உம்கேனியில் அப்படிச் செய்ய வழியில்லை.

ஆகவே பண்ணையிலேயே தடுக்க வேண்டும். மிகச் சிறிய குஞ்சின் தலை நுழையாத கண்ணளவுள்ள வலையை வெளிவாயில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வையுங்கள். ஒன்றைக் கழற்றிக் கழுவும் ஐந்து நிமிடத்தில்தான் குஞ்சு போகும். பண்ணையின் கரை நூறாண்டு வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மும்மடங்கு மரபுத்தொகுதி உள்ள மலட்டுக் குஞ்சு கிடைத்தால் அதையே வாங்குங்கள். தப்பினாலும் பெருகாது. ஆனாலும் தின்னும்.

நீரைச் சுழற்றிப் பயன்படுத்தும் மூடிய பண்ணை நல்லதா?

ஆற்றுக்கு நல்லது. 95 சதவீதத்துக்கு மேல் நீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தலாம், மீன் தப்பாது, எச்சம் ஓரிடத்தில் சேரும். பணத்துக்கும் மின்சாரத்துக்கும் பாரம். நெருக்கமாக மீன் நிற்கும் தொட்டியில் பம்பு நின்றால் அரைமணி நேரத்தில் மூச்சுத் திணறும். மின்வெட்டு பழகிய நாட்டில் ஜெனரேட்டரும் ஆக்சிஜன் உருளையும் இல்லாமல் இதில் இறங்கவேண்டாம்.

மீனுக்குப் போடும் மருந்துகள்?

சிலியின் பண்ணைகளில் பாக்டீரியா நோய்க்கு ஃப்ளோர்ஃபெனிகால் என்ற எதிருயிரி மிகப் பெரிய அளவில் போகிறது. நார்வேயில் தடுப்பூசி வந்த பிறகு எதிருயிரி மிகக் குறைந்துவிட்டது. இங்கே டிரவுட் பண்ணையில் அதிகம் புழங்குவது உப்பும் ஃபார்மலினும். ஃபார்மலின் போட்ட தொட்டி நீரை நேரே ஓடையில் திறப்பது குற்றம் என்றே கொள்ளுங்கள். மாலகைட் பச்சை என்ற சாய மருந்து, உண்ணும் மீனுக்குக் கூடவே கூடாது.

மிட்மார் கெடுவதற்கு மீன் பண்ணைதான் காரணமா?

இல்லை, நேர்மையாகச் சொல்ல வேண்டும். ம்போபோமேனி குடியிருப்பிலிருந்து வழியும் சாக்கடையும், சுற்றியுள்ள பால்பண்ணைகளின் சாணமும், வயல் உரமும் அதைவிடப் பெரிய சுமை. அதனால் பண்ணையை விட்டுவிடலாம் என்று ஆகாது. சாக்கடை கலக்காத உச்சி ஓடையில் கைவைப்பது மீன் பண்ணை. அங்கே வாழும் உயிர்களுக்கு வேறு புகலிடம் கிடையாது.

பண்ணைக்குக் கீழே ஆறு கெட்டிருக்கிறதா என்று நாமே எப்படிப் பார்ப்பது?

மினிசாஸ் என்ற முறை இந்த நாட்டில் உருவானது. பள்ளிப் பிள்ளைகளும் செய்யலாம். வேண்டியது ஒரு கைவலை, வெள்ளைத் தட்டு, உருப்பெருக்கி, ரப்பர் காலணி. ஓடையில் நின்று காலால் கற்களைக் கிளறி, கீழ்ப்பக்கம் வலையைப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் போதும். தட்டில் கொட்டி எந்தெந்த வகை உயிர் இருக்கிறது என்று பாருங்கள். மொத்தம் 13 வகை. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. கல் ஈயின் குஞ்சுக்கு 17. அது வந்தால் நீர் சுத்தம். மே ஈக்களில் பெரும்பாலானவற்றுக்கு 11. மண்புழு போன்ற புழுவுக்கும் கொசு, ஈ வகைக் குஞ்சுகளுக்கும் 2 மட்டுமே. மதிப்பெண்களைக் கூட்டி, கண்ட வகைகளின் எண்ணிக்கையால் வகுங்கள்.

குழப்பம் வருவது கல் ஈயும் மே ஈயும் தான். வாலை எண்ணுங்கள். கல் ஈக்கு இரண்டு வால், கால் நுனியில் இரண்டிரண்டு நகம். மே ஈக்குப் பெரும்பாலும் மூன்று வால், வயிற்றின் இருபுறமும் இறகு போலச் செவுள் துடித்துக்கொண்டிருக்கும்.

பண்ணைக்கு 50 மீட்டர் மேலே ஒரு முறை, 200 மீட்டர் கீழே ஒரு முறை, ஒரே நாளில் செய்யுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் பேசும். கீழே கற்களில் சாம்பல் நிறத்தில் ஈரப் பஞ்சு போல ஏதோ ஒட்டி நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தால், விரலில் வழுவழுத்தால், அது கழிவுநீர்ப் பாக்டீரியா. அதைக் கண்ட இடத்தில் வேறு சோதனை செய்யாமலே கழிவு மிகுதி என்று எழுதிக்கொள்ளலாம்.

ஆற்றங்கரைப் பூசையில் பால் ஊற்றுகிறோம். அதுவும் கெடுதலா?

அளவைப் பொறுத்தது. ஒரு லிட்டர் பால் நீரில் அழுகச் சுமார் 100 கிராம் ஆக்சிஜன் வேண்டும். குளிர்ந்த ஆற்று நீரின் ஒரு கனமீட்டரில் இருப்பதே 10 கிராம்தான். ஆகவே ஒரு லிட்டர் பால் பத்துக் கனமீட்டர் நீரின் மூச்சைக் குடிக்கும். ஒரு கரண்டிப் பாலை ஓடும் நீரில் விட்டு மீதியைப் பிரசாதமாகப் பகிர்ந்தால் பூசைக்கும் குறைவில்லை, மீனுக்கும் குறைவில்லை. தேங்காய், பூ, வாழையிலையைத் திரும்ப எடுத்துவந்து தோட்டத்தில் புதையுங்கள். பிளாஸ்டிக் தட்டும் சூடப் பொட்டலமும் கரைக்கே போக வேண்டாம்.

வீட்டுக்குப் பின்னால் தொட்டியில் திலாப்பியா வளர்க்கலாமா?

நம் மண்ணின் மொசாம்பிக் திலாப்பியாவை வளருங்கள். வேகமாக வளர்கிறது என்று நைல் திலாப்பியாவைக் கொண்டுவராதீர்கள். அது வெளியேறினால் உள்ளூர் மீனோடு கலந்துவிடும். லிம்போபோ ஆற்றில் இது நடந்துகொண்டிருக்கிறது. மொசாம்பிக் திலாப்பியா இன்று அழியும் அபாயப் பட்டியலில் இருக்கிறது. நார்வே சால்மனுக்கு நேர்ந்ததும் இதுவே. எந்த இனமானாலும் வாங்குமுன் குவாசூலு-நேட்டால் மாகாண வனவிலங்கு அமைப்பான எசெம்வேலோவிடம் அனுமதி கேளுங்கள். அலங்கார மீன் சலித்துப்போனால் ஓடையில் விடாதீர்கள். ரிச்சர்ட்ஸ் பே பக்கம் ன்செலெனி ஆற்றில் கவசக் கெளுத்தி பெருகியிருப்பது மீன்தொட்டியிலிருந்து போனதுதான்.

பண்ணை வைக்கச் சட்டப்படி என்ன வேண்டும்?

1998ஆம் ஆண்டின் 36ஆம் எண் தேசிய நீர்ச் சட்டம், 21ஆம் பிரிவு. நீரை எடுப்பது, ஓட்டத்தைத் திருப்புவது, கழிவுநீரை ஆற்றில் விடுவது ஒவ்வொன்றும் தனித்தனி நீர்ப் பயன்பாடு. ஒன்றுக்கு அனுமதி இருந்தால் மற்றதற்கும் இருக்கிறது என்று பொருளல்ல. அந்தச் சட்டப்படி மனிதரின் அடிப்படைத் தேவைக்கும் ஆற்றின் உயிர்வாழ்வுக்கும் ஒதுக்கிய நீருக்கே முதலிடம், மிச்சத்திலிருந்துதான் பண்ணைக்கு. அனுமதித் தாளில் எந்த மாதத்தில் எவ்வளவு நீர் ஓடையிலேயே விடப்பட வேண்டும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

ஆற்றில் மீன் செத்து மிதந்தால் என்ன செய்வது?

உடனே போங்கள், முடிந்தால் விடியுமுன். இரவெல்லாம் பாசி ஆக்சிஜனை உறிஞ்சுவதால் அளவு மிகக் குறைவது சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான். பத்து மணிக்கு அளந்தால் எல்லாம் சரியாகத் தெரியும், உண்மை நழுவிவிடும். நேரம், இடம், நீரின் வெப்பம், நிறம், வாடை எழுதுங்கள். எந்த வகை மீன், பெரியதா சின்னதா என்று படமெடுங்கள். பெரிய மீன் முதலில் செத்திருந்தால் மூச்சுத் திணறலாக இருக்கும். எல்லா அளவும் ஒரேயடியாகச் செத்திருந்தால் நஞ்சைச் சந்தேகியுங்கள்.

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியை அதே ஆற்று நீரில் மூன்று முறை அலசி, நீருக்குள் அமிழ்த்தி நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுங்கள். நீர், துப்புரவுத் துறையின் டர்பன் அலுவலகத்துக்கும் எசெம்வேலோவுக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டு எழுத்திலும் அனுப்புங்கள். இரண்டாவது புட்டி ஒன்றைச் சந்தேகப்படும் வாய்க்காலுக்கு மேலே நிரப்ப மறக்காதீர்கள். அது இல்லாத புகாருக்கு "மேலிருந்தே இப்படித்தான் வந்தது" என்ற பதில் வரும். அதை மறுக்கக் கையில் எதுவும் இருக்காது.